ராகு காலத்துக்குப் பக்கத்தில் கடல் நேரமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மலேசியாவின் லங்காவித் தீவைப் பற்றி வந்த ஒரு பக்கக் கட்டுரையைப் படித்தேன். கேபிள் காரில் ஏறலாம், கழுகுச் சிலைக்கு முன்னால் படம் எடுக்கலாம், வரியில்லாக் கடைகளில் சாக்லேட் வாங்கலாம் என்று எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தீர்கள். இந்தக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போய்விட்டு வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதில் இல்லை. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்த மாதம் மழை மாதம், இவ்வளவுதான். இது தெரியாமல் போய் இறங்கினால் முதல் சில நாட்கள் பாழ். எங்களுக்கு அப்படித்தான் ஆனது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது மே மாதம், சித்ரா பௌர்ணமியை ஒட்டி. வேறு எப்போது போவது, பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் வரைதானே பிள்ளைகள் வைத்திருக்கும் வீட்டுக்கு நேரம். 2023 டிசம்பரில் இருந்து மலேசியா போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம், வருகை அட்டை ஒன்றை மட்டும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். சென்னையில் ராத்திரி ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் ஒரு மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். காலை ஏழு மணி ஆகியும் சூரியன் வராமல் இருப்பதைப் பார்த்து என் மகன் கைப்பேசி கெட்டுவிட்டது என்றான். 1982-இல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஆக்கியபோது தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள், லங்காவியோ நாட்டின் மேற்கு ஓரம், அதனால் அங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் தலை காட்டும்.

டிக்கெட், அறை, வண்டி எல்லாம் ஒரு முகவர் மூலமாகத்தான் போட்டோம். ஒவ்வொரு நாளுக்கும் காலை, மதியம், மாலை என்று கட்டம் கட்டி ஒரு தாள் கொடுத்திருந்தார். அந்தத் தாளில் ஓட்டலின் பெயர், சாப்பாட்டுக் கூப்பன், ஓட்டுநரின் எண் வரை எல்லாம் இருந்தன. கடல் மட்டும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்து இறங்கியவர்களை அன்றைக்கு மத்தியானமே மச்சின்சாங் மலை அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மேலே 660 மீட்டர் உயரத்தில் 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் தொங்குபாலம் இருக்கிறதே, அதற்குக் கேபிள் காரில் ஏறிப் போக வேண்டும். மே மாதத்தில் அந்தப் பக்கம் காலையில் வெளுத்திருக்கும் வானம் மத்தியானத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும். காற்றும் மின்னலும் என்றால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே டிக்கெட்டைக் காலை நேரத்துக்குப் போட்டிருக்கலாமே. மகள் என் கணவரின் தோளிலேயே தூங்கிவிட்டாள். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம், திருக்கழுக்குன்றம் போயிருக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நாங்கள் தங்கியது செனாங் கடற்கரையில். முந்தின நாள் மத்தியானம் பார்த்தபோது தென்னை மரங்களுக்குக் கொஞ்சம் தள்ளி அலை அடித்துக்கொண்டிருந்தது. காலையில் பிள்ளைகளோடு இறங்கினால் கடலைக் காணோம். எங்கோ தொலைவில் ஒரு வெள்ளிக் கோடு தெரிகிறது, இடையில் முழுக்க ஈர மணல், படகுகள் சாய்ந்து கிடக்கின்றன. பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை, ஓடிவிட்டார்கள். பின்னால் வந்த மாமியார் அதைப் பார்த்ததும் போட்ட சத்தத்தில் பக்கத்து விடுதிக்காரர்களே வெளியே வந்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் அவர் பட்டினப்பாக்கத்தில் இருந்தவர். கடல் பின்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று அன்றைக்குப் பார்த்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஓடி இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தார், முட்டி வலிக்காரர், அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்றைய அலை லங்காவியையும் விடவில்லை என்பதால் அவர் பயந்ததில் அர்த்தமில்லாமலும் இல்லை.

கரையில் தேங்காய் தண்ணீர் விற்கும் ஓர் அம்மா, நம் தமிழ்தான், மூன்று தலைமுறையாக அங்கே இருப்பவர், ஓடி வந்து மாமியாரை உட்கார வைத்தார். "பயப்படாதீங்க ம்மா, இது நேத்தும் வத்துச்சு, நாளைக்கும் வத்தும், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள தண்ணி இங்க வந்துரும் லா" என்றார். பௌர்ணமி, அமாவாசை ஒட்டி வந்தால் இப்படி நிறைய வற்றும், நடுவில் வரும் நாட்களில் இவ்வளவு இருக்காது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சொன்னபடியே ஒரு மணிக்குள் தண்ணீர் தென்னை மரத்தடிக்கு வந்து நின்றது. மாமியார் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

சென்னையில் நாற்பது வருஷம் கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவருக்கு இது ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் பௌர்ணமி அன்றுகூட ஒரு மீட்டர் சொச்சம்தான், அதோடு நம் கரை சரிவானது, அலையும் பெரிது, அதனால் மெரினாவில் நிற்பவருக்கு வித்தியாசமே தெரியாது. லங்காவியில் அது மூன்று மீட்டர் வரை போகும். வங்கக் கடலோடு சேர்ந்த அந்தமான் கடல்தான் அங்கேயும் இருப்பது, ஆனால் அது அந்த இடத்தில் மலாக்கா நீரிணைக்குள் நுழைகிறது. போகப் போக ஆழமும் அகலமும் குறைவதால் உள்ளே வரும் தண்ணீருக்கு மேலே எழும்புவதைத் தவிர வழியில்லை. கரையோ கிட்டத்தட்டச் சமதரை, அதனால் மூன்று மீட்டர் இறங்கினாலே வெகு தூரம் மணல் தெரிந்துவிடும். லங்காவிக்கு எத்தனை தீவு என்று கேட்டால் 99 என்பார்கள், வற்றம் வரும்போது 104 என்பார்கள். உங்கள் கட்டுரையில் 99 தீவுகள் என்று மட்டும் இருந்தது.

பயம் போன பிறகு அந்த வற்றிய மணல்தான் எங்களுக்கு முதல் நாட்களில் கிடைத்த நல்ல விஷயம். மகன் குப்புறப் படுத்துக்கொண்டு நண்டு பார்த்தான். சுண்டுவிரல் நகத்தை விடச் சின்ன நண்டு. வளையில் இருந்து வெளியே வரும், மணலை வாயில் அள்ளிப் போட்டு அதில் ஒட்டியிருக்கும் பாசியையும் அழுக்கையும் தின்றுவிட்டு, மிச்ச மணலை ஜவ்வரிசி அளவு உருண்டையாக்கிக் காலுக்குப் பின்னால் தள்ளும். ஒரு கோடு முடிந்ததும் வளைக்குத் திரும்பி அடுத்த கோட்டை ஆரம்பிக்கும். நிழல் பட்டால் சட்டென்று உள்ளே போய்விடும், அசையாமல் இருந்தால் அரை நிமிஷத்தில் மறுபடி வேலைக்கு வந்துவிடும். வளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இப்படி உருண்டைகள், அந்தக் கரை நீளத்துக்கும் அப்படித்தான். தண்ணீர் ஏறினால் அத்தனையும் கரைந்துவிடும், அடுத்த வற்றத்துக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும். இதற்கு டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. ஆனால் எட்டரைக்கு வண்டி வந்துவிடும் என்று அந்தத் தாளில் இருந்ததால் பாதியில் எழுப்பிக் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

அன்றைக்குக் கட்டத்தில் இருந்தது கிலிம் ஆற்றின் அலையாத்திக் காடு. 2007-இல் லங்காவிக்கு யுனெஸ்கோ புவிப்பூங்கா என்ற தகுதி கொடுத்தது, தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல், கிலிம் அதில் ஒரு பகுதி. சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது, அதன் காலடியிலேயே சுரபுன்னை மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன, அப்படி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பிச்சாவரத்தில் பார்க்க முடியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் எங்களைக் கொண்டுபோனது நண்பகலில், கடல் முழுதாக ஏறியிருந்த நேரத்தில். சேறு முழுக்கத் தண்ணீருக்கு அடியில். அலையாத்திக் காட்டின் விசேஷமே சேற்றில்தானே இருக்கிறது. துடுப்பை ஊன்றி நடக்கும் மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டு, நண்டு தேடி வரும் குரங்கு, ஒன்றும் இல்லை. வழியில் கடையில் நிறுத்தி, வௌவால் குகையைக் காட்டி, அப்புறம் படகுக்காரர் கோழித் தோலைத் தண்ணீரில் வீசினார், செம்பருந்துகள் வட்டமிட்டு இறங்கின, எல்லோரும் படம் எடுத்தார்கள். கருடன் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களுக்கு அது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. தானே மீனும் செத்ததும் தேடித் தின்கிற பறவையை மோட்டார் சத்தம் கேட்டாலே கொழுப்புக்கு ஓடி வரப் பழக்கிவிட்டார்கள். அங்கேயே இயற்கை வழிகாட்டிகள் பலர் அதை எதிர்க்கிறார்கள், தோல் வீசாத படகு என்று கேட்டு வாங்கலாம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதையும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பிறகு ஒரு நாள் அந்தத் தாளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, தேங்காய் தண்ணீர் அம்மா சொல்லி அனுப்பிய ஒருவரின் சின்னப் படகில், காலை வற்றத்தில் போனோம். சேற்றில் மீன் துள்ளியதைப் பார்த்து மகள் "இதுக்குக் கால் இருக்கு" என்று கத்தினாள். விவரம் எழுதிக்கொண்டே போகலாம், அது உங்கள் பக்கத்துக்குத் தாங்காது. அதே ஆறு, அதே படகு, நேரம் மட்டும்தான் வேறு.

கடலில் குளிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மெரினாவில் முட்டிக்கு மேல் இறங்கினாலே காவலர் விசில் ஊதும் ஊரில் இருந்து போகும் பிள்ளைகளுக்கு, அலை குறைவாக, ஆழமும் மெதுவாகக் கூடும் அந்தக் கடல் சொர்க்கம்தான். ஆனால் சொறிமீன் உண்டு. பெட்டி ஜெல்லி மீன் என்று ஒரு வகை, தண்ணீரில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது, அதன் கொட்டு உயிரையே எடுக்கக் கூடியது. கொட்டிவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, குடிதண்ணீரால் கழுவக் கூடாது, வினிகரை ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்க மூடும் நீச்சல் உடை போட்டுவிடுவது நல்லது, வெயிலுக்கும் ஆயிற்று. எங்கள் முகவரோ பிள்ளைகளுக்கு வண்ணக் கண்ணாடி வாங்கி வரச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

தண்ணீரின் நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படத்தில் வரும் கண்ணாடி நீலம் செனாங்கில் கிடையாது. அலையாத்திக் காட்டு வண்டலும் நீரிணையின் கலங்கலும் சேர்ந்து பச்சையாகத்தான் இருக்கும். பவளப்பாறையும் மீனும் பார்க்க வேண்டும் என்றால் தெற்கே பாயார் தீவுக்குப் படகில் போக வேண்டும். இதனால் லங்காவி மட்டம் என்று சொல்லவில்லை. விடுதிக்குப் பின்னால் மரத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள இலைக்குரங்குக் கூட்டம், அதில் ஒரு தாயின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி. சாயங்காலம் தலைக்கு மேல் இருவாச்சி பறக்கும்போது சிறகுச் சத்தம் காதில் விழுகிறது. இதை விட்டுவிட்டு நீலத் தண்ணீர் இல்லையே என்று அழும் கூட்டத்தில் நான் இல்லை. சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை, பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாயும், நுரை வர ஆற்றிய பால் டீயான தே தாரிக்கும் மாமியாருக்கே பிடித்துவிட்டன, சைவக்காரர்கள் மட்டும் சம்பல் என்ற மிளகாய்த் துவையலைத் தொடும் முன் இறால் விழுது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இருக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அமாவாசை, பௌர்ணமி வந்தால் "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று ஒரு செய்தி உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகிறது. படத்தோடு வருகிறது. திருச்செந்தூர் இல்லாவிட்டால் ராமேஸ்வரம், இல்லாவிட்டால் கன்னியாகுமரி. அது ஏன் அந்த நாட்களில் வருகிறது என்று ஒரு வரி அதில் இருக்காது. என் மாமியார் பல வருஷமாக வரி விடாமல் படிக்கும் செய்தி அது. செனாங் கரையில் அவர் அலறியதற்கு 2004 பாதிக் காரணம் என்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், மீதிக்கு அந்தச் செய்திகளும் காரணம். சுனாமிக்கு முன் கடல் போவதற்கும் வற்றத்தில் போவதற்கும் வித்தியாசம் உண்டு. அது நிமிஷங்களில் நடக்கும், நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வரும். இது ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கி, ஆறு மணி நேரத்தில் திரும்ப ஏறும், நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் போதும்.

இன்னும் ஒன்று. ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் தினமும் போடுகிறீர்கள். பக்கத்தில் சென்னைக் கடலின் ஏற்ற நேரம், வற்ற நேரம் என்று ஒரு வரி போடுங்கள். யாரும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதில்லை, இந்திய நில அளவைத் துறை ஒவ்வொரு வருஷமும் துறைமுகவாரியாக அட்டவணை வெளியிடுகிறது, அதில் சென்னையும் இருக்கிறது. ஊரூர் குப்பத்திலும் காசிமேட்டிலும் அட்டவணை இல்லாமலே இதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தேவைப்படாது. முட்டுக்காட்டில் படகு ஓட்டப் போகிறவர்களுக்கும், பழவேற்காடு போகிறவர்களுக்கும், விடுமுறையில் பிள்ளைகளோடு கரையில் கிளிஞ்சல் பொறுக்குகிறவர்களுக்கும் தேவைப்படும்.

பயணக் கட்டுரைகளிலும் மாதத்தைப் போடுங்கள். "ஆண்டு முழுவதும் செல்லலாம்" என்று எழுதாதீர்கள், கடற்கரை ஊர் எதற்கும் அது பொருந்தாது. லங்காவிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில், தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் அதே கணக்குதான், ஆகஸ்டுக்கு மேல் அக்டோபர் வரை இரண்டிலும் நல்ல மழை. அதே தாய்லாந்தில் கிழக்குப் பக்கம் இருக்கும் சாமுய் தீவுக்கு, நம்மைப் போலவே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பாலிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை மழை, அதனால் நம் கோடை விடுமுறைக்கு அந்தத் தீவு சரியாக வரும். இலங்கையில் மிரிஸ்ஸ, உனவட்டுன போன்ற தெற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச், மே மாதத்தில் போவதென்றால் திருகோணமலைப் பக்கம் போக வேண்டும், அந்த மாதங்களில் அங்கேதான் கடல் அமைதி. மொரீஷியஸில் ஜனவரியில் இருந்து மார்ச் வரை புயல் காலம். எங்கள் முகவர் மே மாதத்துக்கு லங்காவியையும், என் அண்ணன் குடும்பத்துக்கு டிசம்பர் விடுமுறைக்குப் பாலியையும் விற்றார், இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் இரண்டு குடும்பமும் நனையாமல் திரும்பியிருக்கும். கேட்டதற்கு "அந்த மாசம் ஆஃபர் இருந்துச்சு மேடம்" என்றார். ஏன் ஆஃபர் இருந்தது என்று இப்போது புரிகிறது.

அரையாண்டு விடுமுறைக்கு எப்படியும் வெளிநாட்டுக் கடற்கரைகள் என்று ஒரு பக்கம் போடுவீர்கள். அதற்குள் இதைச் செய்யுங்கள். கேபிள் கார் படம் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன அட்டவணை வைத்தால் இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை.